கதவுக்குள் இறங்கும் மழை: ஏற்காடு–சேலம் ஓடும் காரில் ஸ்பீக்கர் மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். உரிமையாளர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் மேற்பார்வையாளர்; வேலை நிமித்தமாக அடிக்கடி சேலத்துக்கு இறங்கி ஏறுபவர். இரவில் கார் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், மழையிலும் மூடுபனியிலும் திறந்தவெளியில் நிற்கும். பகலில் லீ பஜார் ஓரத்தில் கண்ணாடி ஏற்றியபடி வெயிலில் காயும். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் இரண்டாம் கியர், எஞ்சின் இரைச்சல் அதிகம். ஈரம், சூடு, இரைச்சல் என்ற இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் இந்தக் காருக்கு எந்த ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

கம்பெனி கொடுத்த டச் ஸ்கிரீன் செட் அப்படியே இருந்தது. அதன் முதுகில் '4×50 வாட்' என்று ஒட்டியிருந்தாலும், 12 வோல்ட்டில் ஓடும் இப்படிப்பட்ட செட் ஒரு சேனலுக்குத் தொடர்ந்து தரக்கூடியது 15 முதல் 20 வாட் வரைதான். நான்கு கதவிலும் 6.5 அங்குல ஸ்பீக்கர். தனி ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது.

முதல் மாற்றம்

ஒலி மந்தமாக இருக்கிறது என்று உரிமையாளர் ஓர் அக்சசரீஸ் கடையில் முன்கதவு இரண்டுக்கும் கோஆக்சியல் ஸ்பீக்கர் (ட்வீட்டர் நடுவிலேயே பொருந்தியது) போட்டார். பெட்டியில் 300 வாட் என்று இருந்தது. அது கணநேர உச்சம், தொடர்ந்து தாங்கும் வாட்டான ஆர்.எம்.எஸ். அளவு எங்கும் அச்சிடப்படவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த அவசரத்தில் என்னென்ன நடந்தன என்பது பின்னால் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

போட்ட அன்றே ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) கூர்மையாகவும் பேஸ் (தாழ்ந்த ஒலி) முன்பைவிடக் குறைவாகவும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் இடது முன் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியது. சில நேரம் கதவைச் சாத்தியதும் நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக ஊமையாகும். செட்டை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். இடது முன்சீட்டுக் கால்பகுதியில் கார்ப்பெட் நனைந்து பூஞ்சை வாடை அடித்தது. ஏ.சி. தண்ணீர் என்று நினைத்து ஏ.சி. வடிகுழாயைச் சுத்தம் செய்தும் பயனில்லை.

சேலத்தில் கார் ஆடியோ வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறைக்கு வண்டி வந்தபோது, ஆம்ப் (ஒலியின் வலுவைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை மனத்தில் வைத்து உரிமையாளர் கேட்டது: "ஆம்ப் ஒண்ணு போட்டா எல்லாம் சரியாயிருமாங்க?" நிறுவுநர் சொன்னது: "கதவைத் திறந்து பார்த்துட்டுச் சொல்றேங்க சார். இப்ப ஆம்ப் போட்டா தப்பு சத்தமாக் கேக்கும், அவ்வளவுதான்."

சோதனையில் கண்டவை

முதலில் கதவைத் தொடவில்லை. செட்டைக் கழற்றி, பின்னாலிருக்கும் கப்ளரை (வயர்களைச் சேர்க்கும் பிளக்) பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் மல்டிமீட்டரில் அளந்தார்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 ஓம் வரை காட்ட வேண்டும். வலது முன்பக்கம் 3.4. இடது முன்பக்கம் கதவை ஆட்ட ஆட்ட 3.9-க்கும் முழுத் துண்டிப்புக்கும் இடையே அலைந்தது. அதே வயரின் மைனஸுக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே அளந்தபோது, கதவு பாதி மூடிய நிலையில் 1 ஓமுக்கும் கீழே இறங்கியது. அதாவது பாடியில் ஷார்ட்.

நான்கும் ஒன்றாக ஊமையானதற்கு இதுதான் காரணம். இக்காலச் செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி அழுத்தத்தில் சுமார் பாதி நிற்கும். ஒலி அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம். மைனஸ் பாடியைத் தொட்டால் உள்ளிருக்கும் ஆம்ப் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள நான்கு சேனலையும் நிறுத்தும். பழைய கேசட் செட் பழக்கத்தில் மைனஸைப் பாடியில் சேர்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சில செட் அதைத் தாங்கும், சில செட் புகையும்.

அடுத்து 1.5 வோல்ட் பென்சில் செல். செல்லின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். வலதுபக்கம் வெளியே வந்தது. இடதுபக்கம் உள்ளே போனது. கப்ளரை வெட்டி வயரை முறுக்கி ஒட்டியபோது இடதில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஒரு கதவு காற்றைத் தள்ளும்போது மறுகதவு இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேஸ் காணாமல் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு டோர் பேட் (கதவின் உட்புற மூடி) கழன்றது. உள்ளே கண்டவை:

வயர், கதவுக்கும் கீல் பக்கத்துத் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய் வழியாகப் போகவில்லை. தூணில் புதிதாகத் துளை போட்டு, க்ரோமெட் (விளிம்பைக் காக்கும் ரப்பர் வளையம்) இல்லாமல் நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு கதவு திறந்து மூடும்தோறும் காப்புறையை அறுத்திருந்தது. துளையைச் சுற்றித் துரு.

வயர் இணைப்புகளில் பி.வி.சி. டேப். சேலத்து வெயிலில் பசை இளகி டேப் வழுகியிருந்தது.

கம்பெனி ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கூடு காணோம். அந்தக் கூடு ஸ்பீக்கரைத் தகட்டிலிருந்து தள்ளி நிறுத்தும். மேலே மழைநீர் வழியாத ஒரு கூரையும் அதிலேயே உண்டு. அதை எறிந்துவிட்டுப் புது ஸ்பீக்கரை மூன்று ஸ்க்ரூவில் நேராகத் தகட்டில் முடுக்கியிருந்தார்கள். ஸ்பீக்கரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ரிவெட்டைத் துளைத்தெடுத்தபோது சிதறிய இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டியிருந்தது.

கதவின் உள்தகட்டை மூடும் பிளாஸ்டிக் ஷீட் பாதி கிழிந்து தொங்கியது. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிதுளைகள் மூன்றில் இரண்டு சில்வர் ஓக் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. டோர் பேட் இல்லாத நிலையில், வெளியிலிருந்து கண்ணாடி மேல் ஒரு மக் ஒரு மக்காகத் தண்ணீர் ஊற்றி உள்ளே எங்கே வழிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வழியே தண்ணீர் உள்ளே வந்தது. புதுக் காரிலும் இது வரும். பீடிங் தூசியையும் பெருமளவு நீரையும் தடுக்குமே தவிர முழுதாக அடைக்காது. கதவுக்குள் நனையும் என்று தெரிந்தேதான் கதவைச் செய்கிறார்கள். உள்ளே வந்த நீர் அடித்துளை வழியே போக வேண்டும், பிளாஸ்டிக் ஷீட் அதை அறைக்குள் விடாமல் நிறுத்த வேண்டும். இந்தக் கதவில் இரண்டுமே வேலை செய்யவில்லை. நீர் குறுக்குக் கம்பியில் பட்டுத் தெறித்து ஸ்பீக்கரின் முதுகை நனைத்தது; விளிம்பு இடைவெளி வழியே டோர் பேடுக்குள் கசிந்து கார்ப்பெட்டில் இறங்கியது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கறை படிந்து தளர்ந்திருந்தது. விரல்களால் சீராக அழுத்தினால் வாய்ஸ் காயில் (கூம்பின் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) உரசும் சத்தம். அது இனி உதவாது.

எதை வாங்குவது: முடிவும் காரணமும்

உரிமையாளர் மனத்தில் இருந்தது ஆம்ப்பும் சப்வூஃபரும் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி). டிக்கியில் காப்பி மூட்டையும் உரமும் ஏறும் வண்டி என்பதால் சப்வூஃபர் முதலிலேயே விலகியது. ஆம்ப்பைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் வேறு. கதவு சரியாகாமல் ஆம்ப்புக்குச் செலவு செய்தால் கதவுக்குப் பணம் மிஞ்சாது.

ஆம்ப் இல்லை என்றால் தேர்வை நடத்துவது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அந்த எண். 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 36 வாட் தேவைப்படும் சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 18 வாட்டில் தந்துவிடும். செட்டில் இருப்பதே ஏறக்குறைய 18 வாட். பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகும் 300, 400 எண்களுக்கு இங்கே எந்தப் பொருளும் இல்லை. பெரிய ஆம்ப்புக்கென்று செய்த கனமான கூம்பு ஸ்பீக்கர்கள் செட்டின் சிறு வாட்டில் கம்பெனி ஸ்பீக்கரைவிட மோசமாகவே பாடும்.

எடுத்தது: 6.5 அங்குல காம்பொனென்ட் (வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), 4 ஓம், 91 டெசிபல், 60 வாட் ஆர்.எம்.எஸ். பாலிப்ரோப்பிலீன் கூம்பு, ரப்பர் சுற்றுவிளிம்பு. ஈரத்துக்குக் காகிதமும் ஃபோம் விளிம்பும் வேண்டாம் என்று தீர்மானமாக ஒதுக்கினார்கள். கோஆக்சியலை விட்டுக் காம்பொனென்டுக்குப் போனது ட்வீட்டரை உயர்த்துவதற்காக. கதவின் ஸ்பீக்கர் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் உயர்ந்த ஒலியைக் காலும் சீட்டும் தின்றுவிடும். கதவுக் கண்ணாடியின் முன்மூலையில் உள்ள முக்கோண மூடியில் ட்வீட்டர் வைத்தால் பேச்சும் பாட்டு வரியும் தெளியும். ஏ தூணில் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தத் தூணைத் தொடவே கூடாது. முக்கோணம் அந்த வகையிலும் பாதுகாப்பான இடம். பின்கதவு ஸ்பீக்கர்கள் அப்படியே விடப்பட்டன.

வாங்கும் முன் ஆழம் அளந்தார்கள். கண்ணாடியை முழுதும் இறக்கி, உள்தகட்டிலிருந்து கண்ணாடிவரை: 52 மி.மீ. தகட்டிலிருந்து டோர் பேட் ஜல்லடைவரை: 34 மி.மீ. ஸ்பீக்கரின் ஆழம் 62. எனவே ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே 18 மி.மீ. வளையம் வைத்தால் பின்னால் 8 மி.மீ. மிஞ்சும், முன்னால் வளையமும் ஸ்பீக்கர் விளிம்பும் சேர்ந்து 25 எடுத்து 9 மி.மீ. விடும். கூம்பு அசைய அது போதும். பின் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பக்கத்தை மறந்தால், பேஸ் வரும்போதெல்லாம் ரப்பர் விளிம்பு ஜல்லடையில் தட்டும்.

கதவு வேலை

வேலையை ஏற்காட்டில் வண்டி நிற்கும் இடத்திலேயே செய்யலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவானது. மலையில் காலை நேரத்தில் தகட்டில் பனிநீர் கோத்திருக்கும். தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் பியூட்டைல் ஷீட் குளிர்ந்த, ஈரத் தகட்டில் பிடிக்காது. சேலத்து மதியச் சூட்டில் ஹீட் கன் இல்லாமலே படிந்து ஒட்டும்.

பேட்டரி மைனஸைக் கழற்றி, வடிதுளைகளைக் கேபிள் டை நுழைத்துத் திறந்து, கதவின் உள்ளே கழுவி, ஓரிரவு காயவிட்டார்கள். ஒட்டும் இடங்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தார்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலம் விடும், ஆகாது. தூணில் போட்ட தேவையற்ற துளையைத் துரு நீக்கி, ஜிங்க் பிரைமர் அடித்து, ரப்பர் மூடி வைத்து அடைத்தார்கள்.

வெளித்தகட்டின் உட்புறத்தில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட். தகட்டை விரலால் தட்டி டப்பா போல ஒலிக்கும் நடுப்பகுதிகளில் மட்டும், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. ரோலர் போட்டு அழுத்தியே ஒட்ட வேண்டும். கையால் தடவினால் உள்ளே காற்று தங்கி ஈரம் சேரும். முழுக்க ஒட்டினால் கதவு கனத்துக் கீல் தொங்கும். கூடுதல் பலன் சொற்பம். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் விலை குறைவு என்று சிலர் போடுகிறார்கள். அது சேலத்துக் கோடையில் இளகி வழியும். வண்டிக்குள் தார் வாடை நிற்கும்.

உள்தகட்டின் பெரிய திறப்புகள் இந்த வேலையின் மையம். ஸ்பீக்கரின் பின்னால் கிளம்பும் ஒலி அந்தத் திறப்புகள் வழியே முன்னால் வந்து, முன் ஒலியை எதிர்த்து பேஸைக் கொல்லும். நீர் உள்ளே வரும் வழியும் அதே திறப்புகள்தான். ஒரே மூடியால் இரண்டையும் தீர்க்கலாம். ஆனால் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் நாளைக்குக் கண்ணாடி ரெகுலேட்டர் பழுதானால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே 2 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகட்டைத் திறப்பின் வடிவில் வெட்டி, ஓரத்தில் பியூட்டைல் டேப் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் பிடித்தார்கள். கீழ் விளிம்பை மட்டும் உள்தகட்டுக்குப் பின்னால் செருகினார்கள். மூடியில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காக. அந்த விளிம்பை வெளியே விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கார்ப்பெட் நனையும்.

வளையத்துக்கு எம்.டி.எஃப். பலகை கையில் இருந்தும் எடுக்கவில்லை; ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும். 18 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, கதவின் பழைய ரிவெட் துளைகளில் ரிவெட் நட் இறக்கி, எம்5 ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் முடுக்கினார்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே 3 மி.மீ. நீர் உறிஞ்சாத ஃபோம். ஸ்பீக்கரின் முதுகில் மேல்பாதிக்கு மட்டும் பிளாஸ்டிக் கூரை. கடையில் கிடைக்கும் முழு ஃபோம் கிண்ணத்தைப் போட்டால் நீர் வராது. ஆனால் ஸ்பீக்கர் சின்ன டப்பாவுக்குள் அடைபட்டு பேஸ் சுருங்கும்.

வயரிங்

1.5 சதுர மி.மீ. முழுச் செம்பு வயர். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு. ஏற்காட்டு ஈரத்தில் வெட்டிய முனையிலிருந்து அரித்துக்கொண்டே போகும். கதவு ரப்பர் குழாயைத் தூண்பக்கம் பிரித்து, நீளக் கேபிள் டையைச் சோப்பு நீரில் தடவி நுழைத்து, அதன் வாலில் வயரைக் கட்டி இழுத்தார்கள். சில மாடல்களில் அந்த இடத்தில் குழாய்க்குப் பதில் கப்ளர் இருக்கும்; அங்கே புது வயர் போகாது, கம்பெனி வயரையே பயன்படுத்த வேண்டும், அதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் வைக்கவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே பக்கவாட்டில், உலர்ந்த இடத்தில் வைத்து, கதவுக்கு வூஃபருக்கு ஒரு ஜோடி, ட்வீட்டருக்கு ஒரு ஜோடி எனத் தனித்தனியாக இழுத்தார்கள். இணைப்புகள் எல்லாம் க்ரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டவை. ஸ்பீக்கர் முனைக்கு வருமுன் வயர் ஒரு தொய்வாகக் கீழே தொங்கி மேலேறும். வயரில் வழியும் நீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். செட்டின் பக்கம் வெட்டுப்பட்ட கப்ளருக்குப் பதில் அடாப்டர் கப்ளர்.

டோர் பேட் போடுமுன் நான்கு சோதனை: செல் வைத்துப் போலாரிட்டி (வூஃபருக்கு மட்டும்; ட்வீட்டருக்கு முன் இருக்கும் கபாசிட்டர் செல் மின்சாரத்தை விடாது), ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பின்மை, கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்குதல், கீழே செய்தித்தாள் விரித்து மறுபடி மக் தண்ணீர். தாள் நனையவில்லை, அடித்துளை மூன்றிலும் நீர் கொட்டியது.

ட்யூனிங்

செட்டில் ஹை பாஸ் (குறித்த அளவுக்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கதவு ஸ்பீக்கர் வீணாக உதறும். 18 வாட்டில் பாதி அங்கேயே கரையும். லவுட்னெஸும் பேஸ் பூஸ்டும் அணைக்கப்பட்டன. கிராஸ்ஓவரில் ட்வீட்டர் −3 டெசிபல், ஏனெனில் முன்கண்ணாடி உயர்ந்த ஒலியைத் திருப்பி அடிக்கும்.

பிறகு 40 முதல் 200 ஹெர்ட்ஸ்வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு, கதவில் கை வைத்துத் தேடினார்கள். ஓரிடத்தில் லாக் ராட் தகட்டில் தட்டியது. ஃபெல்ட் டேப் சுற்றினார்கள். இன்னோரிடத்தில் டோர் பேட் அதிர்ந்தது. முதல் கடையில் உடைந்த கிளிப்களை உடைந்தபடியே மாட்டியிருந்தார்கள், புதிது போட்டதும் நின்றது. பாட்டுப் போட்டு அதிர்வைத் தேடுவது நேர விரயம். சுருதி மாறிக்கொண்டே இருப்பதால் காது ஓரிடத்தில் நிற்காது.

பின்விளைவு

முன்பு முக்கால் பங்கு திருகிய வால்யூம் இப்போது பாதியிலேயே போதுமானது. முன்சீட்டில் தவில், கிட்டார் பேஸ் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. செட் அதன்பின் ஊமையாகவில்லை. கோடைமழையும் அடுத்த வடகிழக்குப் பருவமும் தாண்டியும் கார்ப்பெட் உலர்ந்தே இருந்தது.

எல்லாம் நேராகவும் போகவில்லை. ட்வீட்டர் கிண்ணத்தை இருபக்க டேப்பில் ஒட்டியிருந்தார்கள். மே மாத வெயிலில் லீ பஜார் ஓரம் நின்றபோது வலதுபக்கக் கிண்ணம் கழன்று தொங்கியது. முக்கோண மூடியைக் கழற்றி உள்ளிருந்து சிறு ஸ்க்ரூ போட்டதும் தீர்ந்தது. அடுத்த மழைக்கு முன் பார்த்தபோது ஒரு வடிதுளையில் மறுபடி சருகு. மரத்தடியில் நிற்கும்வரை அது வரும். மழைக்காலத்துக்கு முன் கேபிள் டை விட்டுக் குத்திவிடும்படி உரிமையாளரிடம் சொல்லப்பட்டது.

மலை ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால் பேச்சு இன்னும் புரிவதில்லை என்றார் அவர். ஆம்ப் கேள்வி மீண்டும் வந்தது. காதுக்கு இரு மடங்கு சத்தம் என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 60 வாட் ஸ்பீக்கருக்கு 180 வாட் கொடுக்க முடியாது. சேனலுக்கு 50 வாட் ஆம்ப் போட்டால் 4 டெசிபலுக்கும் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். அதற்காகப் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், ஆம்ப்புக்கு உலர்ந்த இடம் எல்லாம் வேண்டும். கணக்கைக் கேட்டபின் அவர் வேண்டாம் என்றார். ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே உயர்த்தியதில் பேச்சு கொஞ்சம் மேலே வந்தது. பிறகும் ஆம்ப் போட நினைத்தால் கதவு வயரை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியவை

வேலை வரிசையில் இடம் மாற வேண்டியது கார்ப்பெட். கதவு வேலை முடிந்த பிறகே அதைத் தூக்கினார்கள். அடியில் இருந்த தடித்த ஃபோம் அதுவரை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது, வாடை போக வெகு நாள் ஆனது. வண்டி வந்த அன்றே தூக்கிக் காயப்போட்டிருந்தால் கதவு வேலை நடக்கும்போதே அதுவும் உலர்ந்திருக்கும். ட்வீட்டருக்கு முதலிலேயே ஸ்க்ரூ. சேலம் வெயிலில் நிற்கும் எந்த வண்டியிலும் டாஷ்போர்டுக்கு மேலே பசையை நம்பக் கூடாது.

பின்கதவுகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. அங்கே கம்பெனி ஷீட் கிழியாமல் இருக்கலாம். ஆனால் அதே மரத்தடியில்தான் அவையும் நிற்கின்றன. அடுத்த சர்வீஸில் அந்த இரண்டு கதவின் வடிதுளைகளையும் குத்திப் பார்ப்பது என்று குறிக்கப்பட்டிருக்கிறது.